‘கம்ப்யூட்டட் ரீட்ஒன்லி’ என்கிறது கன்சோல். நான் எங்கேயும் எழுதவே இல்லையே?

நூல்கண்டு · செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு துணிக்கடைக்கு பில் போடும் திரை செய்துகொண்டிருக்கிறேன். வியூ 3 (வலைத் திரைகள் செய்ய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பு), அதில் ஸ்கிரிப்ட் செட்டப் என்ற எழுதும் முறை. கைபேசியிலிருந்து எழுதுகிறேன், நிரலை, அதாவது கோடை, இங்கே ஒட்ட முடியவில்லை. வாய்வார்த்தையாகவே சொல்லிவிடுகிறேன்.

பில்லின் ஒவ்வொரு வரிசையிலும் மூன்று விஷயம் இருக்கிறது. விலை ஒரு ரெஃப், அதாவது நேரடியாக மாற்றக்கூடிய மதிப்பு. வரி விகிதம் ஒரு கம்ப்யூட்டட், அதாவது மற்ற மதிப்புகளிலிருந்து தானாகக் கணக்காகி வருவது: விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. (ஆயத்த ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் இதுதான் கணக்கு. அதற்கு முன் 1,000 வரை 5, மேலே 12.) மொத்தமும் ஒரு கம்ப்யூட்டட்: விலையோடு வரியைச் சேர்த்து, பைசா வரைக்கும் முழுமையாக்கித் தரும்.

இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. நேற்று கடைக்காரர், “எங்களிடம் வருகிறவர்கள் வரியோடு சேர்த்துத்தான் விலை பேசுவார்கள். நான் மொத்தத்தை அடிக்கிறேன், விலை தானாக வரட்டும்” என்றார். சரி என்று, மொத்தம் வெறும் எழுத்தாக இருந்த இடத்தில் ஒரு இன்புட் பெட்டியை வைத்து வி-மாடலில் (பெட்டியையும் மதிப்பையும் இணைக்கும் குறி) மொத்தத்தைக் கொடுத்தேன். பெட்டியில் ஓர் இலக்கம் அடித்ததும் உலாவியின் கன்சோலில் மஞ்சள் வார்னிங்: ‘ரைட் ஆபரேஷன் ஃபெயில்ட்: கம்ப்யூட்டட் வேல்யூ ஈஸ் ரீட்ஒன்லி’. அதாவது, கம்ப்யூட்டடைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது என்கிறது.

கோடு முழுக்கத் தேடிவிட்டேன். மொத்தத்துக்கு மதிப்பு கொடுக்கும் வரி ஒன்றுகூட இல்லை. எங்கிருந்து எழுதுகிறது?

மாடிப்படி · செவ்வாய், இரவு 9:52

செட்டர் (புது மதிப்பு வந்தால் ஓடும் ஃபங்ஷன்) இல்லை, அதான். கம்ப்யூட்டடுக்கு ஃபங்ஷனைக் கொடுக்காமல் கெட் (மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் கெட்டர்), செட் (செட்டர்) இரண்டும் உள்ள ஆப்ஜெக்டைக் கொடு. செட் காலியாகவே இருக்கட்டும். வார்னிங் போய்விடும். நான் பத்து இடத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நூல்கண்டு · செவ்வாய், இரவு 10:05

போட்டுப் பார்த்தேன், போயே போச்சு. நன்றி நண்பா!

பழைய_சிலேட்டு · செவ்வாய், இரவு 10:31

தம்பி, அதை அப்படியே கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். வார்னிங் மட்டும்தான் போயிருக்கிறது, கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘நான் எழுதவே இல்லை’ என்கிறீர்கள். வி-மாடல் எழுதுகிறது. அது பார்வைக்கு ஒரு சொல்தான், டெம்ப்ளேட்டைக் கம்பைல் செய்யும்போது இரண்டு வேலையாகப் பிரியும். ஒன்று, மதிப்பைப் பெட்டிக்குள் காட்டுவது. இன்னொன்று, பெட்டியில் அடித்ததை எடுத்து அந்த மதிப்புக்குள் போடுவது. இரண்டாவது வேலைதான் நீங்கள் தேடிக் கிடைக்காத அந்த வரி. கோடில் தேடினால் சிக்காது.

இனிமேல் இப்படி வந்தால் தேடுவதற்கு ஒரு வழி: இந்த வார்னிங்கை வியூ கன்சோல் டாட் வார்ன் வழியாகத்தான் எழுதுகிறது. சோதனைக்கு மட்டும் அதன் இடத்தில் ஒரு ஃபங்ஷனை வைத்து, உள்ளே டீபக்கர் என்ற ஒரே சொல்லைப் போடுங்கள். டெவ் டூல்ஸ் திறந்திருக்கும்போது வார்னிங் வரும் அந்த நொடியிலேயே உலாவி நின்றுவிடும். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் கால் ஸ்டாக்கில் இரண்டு மூன்று படி கீழே இறங்கினால் எழுதிய ஆள் கையும் களவுமாக நிற்பான். 

இப்போது காலி செட்டர். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு வன்பொருள் கடைக்குச் செய்த திரையில் இதையே யாரோ போட்டு வைத்திருந்தார்கள். பொருளின் விலை 450, வரி 18, மொத்தம் 531. வாடிக்கையாளர் பேரம் பேசினார், கல்லாவில் இருந்தவர் மொத்தத்தில் 500 என்று அடித்தார். திரையில் 500 தெரிந்தது. அச்சில் 531 வந்தது. கவுண்டரில் ஒரே சண்டை. எங்களுக்கு ஃபோன் வந்தபோது நாங்கள் பிரிண்டரைச் சந்தேகித்தோம்!

ஏன் அப்படி என்றால், செட்டர் எதையும் மாற்றவில்லை. எதுவும் மாறாததால் திரையைத் திரும்ப வரைய வியூவுக்குக் காரணம் இல்லை. அடித்த 500 பெட்டியில் அப்படியே நிற்கும். அதே காம்பொனென்டில், அதாவது திரையின் அதே பகுதியில், வேறு ஏதாவது மாறி, திரை மறுபடி வரையப்படும்போது திடீரென்று 531 ஆகும். பார்க்கிறவருக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். வார்னிங் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மாடிப்படி · செவ்வாய், இரவு 10:40

அண்ணா, ப்ரொடக்‌ஷன் பில்டில், அதாவது கடைக்குப் போகும் பதிப்பில், அந்த வார்னிங் எப்படியும் வராதே. செட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடையில் நடக்கப்போவது ஒன்றுதானே?

பழைய_சிலேட்டு · செவ்வாய், இரவு 10:48

ஆமாம், கடையில் ஒன்றுதான். ப்ரொடக்‌ஷனில் சத்தமில்லாமல் தோற்கும். அதனால்தான் நம் மேசையில் இருக்கும்போதே அது கத்துவது அவசியம் என்கிறேன். காலி செட்டர் நம் மேசையிலும் அதன் வாயைக் கட்டிவிடுகிறது.

கம்ப்யூட்டட் என்பது தராசு முள் மாதிரி. தட்டில் இருப்பதை வைத்துத்தான் முள் அசையும். முள்ளைக் கையால் தள்ளிவிட்டு எடை கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. மொத்தத்தை மாற்ற வேண்டுமானால் தட்டில் என்ன வைக்க வேண்டும் என்று யோசியுங்கள். செட்டர் எழுதலாம், தப்பில்லை. ஆனால் அது விலையை மாற்ற வேண்டும்.

இரண்டாம்_ஆட்டம் · செவ்வாய், இரவு 11:02

நாங்கள் இன்னும் வியூ 2-இல் இருக்கிறோம் (சிரிக்காதீர்கள், 2023 டிசம்பர் 31-ஓடு அதற்கு ஆதரவு முடிந்தது என்று எனக்கும் தெரியும், மேலாளருக்குத்தான் தெரியவில்லை). அங்கே இதே வார்னிங் கொஞ்சம் தெளிவாக வரும்: ‘கம்ப்யூட்டட் ப்ராபர்ட்டி இன்னது, மதிப்பு கொடுக்கப்பட்டது, ஆனால் செட்டர் இல்லை’ என்று பெயரோடு சொல்லும். ஸ்கிரிப்ட் செட்டப்பில் பெயர் வராதது பெரிய குறை. ஆப்ஷன்ஸ் என்ற பழைய எழுதும் முறையில் எழுதினால் வியூ 3-உம் பெயரைச் சொல்கிறது.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான், அவனையும் சொல்லிவிடுகிறேன். ‘கம்ப்யூட்டட் ப்ராபர்ட்டி இன்னது டேட்டாவில் ஏற்கெனவே இருக்கிறது’ என்று ஒரு வார்னிங். எங்களிடம் ஒருவர் டேட்டாவில், அதாவது சாதாரண மதிப்புகளை வைக்கும் இடத்தில், மொத்தம் 0 என்று வைத்திருந்தார், கம்ப்யூட்டடிலும் மொத்தம் எழுதினார். டேட்டாதான் ஜெயிக்கும். கம்ப்யூட்டட் ஃபங்ஷன் ஓடவே ஓடாது. உள்ளே கன்சோல் லாக் போட்டு, அது வராததால் அரை நாள் உலாவியின் கேஷை அழித்துக்கொண்டிருந்தார். வார்னிங் முதல் வரியிலேயே இருந்தது, அதற்குக் கீழே நூறு வார்னிங் இருந்ததால் யாரும் படிக்கவில்லை.

நூல்கண்டு · செவ்வாய், இரவு 11:20

அந்த நூறு வார்னிங் எங்கள் வீட்டிலும் இருக்கிறது :)

சரி, செட்டரில் இப்படி எழுதினேன்: வந்த மொத்தத்தை 100-ஆல் பெருக்கி, 100-உம் விகிதமும் சேர்ந்த எண்ணால் வகுத்து, பைசாவுக்கு முழுமையாக்கி விலைக்குள் போடு. 1,050 அடித்தால் விலை 1,000 வருகிறது. வார்னிங்கும் இல்லை. இப்போது சரிதானே?

கணக்குப்பிள்ளை · புதன், காலை 6:15

காலை வணக்கம். பகலில் கணக்கு எழுதுகிறவன், இரவில் கோடு எழுதுகிறவன்.

நண்பரே, பாதி சரி. இதே செட்டரை 18 சதவீதப் பொருட்களுக்கு நான் எழுதி அடிபட்டிருக்கிறேன். பெட்டியில் 100 என்று அடிக்கப் பார்த்தேன். நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன்.

முதலில் 1. அதை 1.18-ஆல் வகுத்தால் 0.847, முழுமையாக்கினால் 0.85. திரும்பப் பெருக்கினால் 1.003, முழுமையாக்கினால் 1. அடித்ததும் வந்ததும் ஒன்று, நல்லது. அடுத்து 0 அடிக்கிறேன், பெட்டியில் 10. வகுத்தால் 8.4746, முழுமையாக்கினால் 8.47. திரும்பப் பெருக்கினால் 9.9946. முழுமையாக்கினால் 9.99! வியூ ஒழுங்காகத் தன் வேலையைப் பார்த்து, நான் அடித்த 10-ஐ அழித்து 9.99 என்று எழுதுகிறது. விரல் நிற்குமா, அடுத்த 0-வையும் அடித்துவிட்டேன். பெட்டியில் 9.990. நூறு ரூபாய் அடிக்கப் போனவன் பத்து ரூபாயில் நின்றேன்.

இதற்கு வார்னிங் எதுவும் வராது, ஏனென்றால் வியூவைப் பொறுத்தவரை தப்பே நடக்கவில்லை. வி-மாடலோடு லேஸி என்ற மாடிஃபையரைச் சேர்த்தால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓடாமல் பெட்டியை விட்டு வெளியே வரும்போது மட்டும் ஓடும், தட்டச்சுக் குழப்பம் தீரும். ஆனால் 10 என்று அடித்துவிட்டு டேப் அழுத்தினால் அப்போதும் 9.99தான். அந்த ஒரு பைசாவுக்குக் கடைக்காரர் உங்களைக் கூப்பிடுவார்.

மாடிப்படி · புதன், காலை 9:10

அப்படியானால் மொத்தத்தைக் கம்ப்யூட்டடாகவே வைக்காதே. சாதாரண ரெஃப் ஆக்கிவிடு. மொத்தமோ விகிதமோ மாறினால் விலையைக் கணக்குப் போட்டு மாற்று என்று ஒரு வாட்ச் (மதிப்பு மாறுவதைக் கவனித்து ஓடும் ஃபங்ஷன்). அடித்த 10 அடித்த மாதிரியே நிற்கும். இந்த முறை யோசித்துத்தான் சொல்கிறேன்.

வெயில்காலம் · புதன், காலை 10:25

இழைக்கு நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், என்னுடையதும் கம்ப்யூட்டட் சங்கதிதான். மாணவர் பட்டியலை மதிப்பெண் வரிசையில் காட்ட ஒரு கம்ப்யூட்டட் எழுதினேன். உள்ளே ஒரே வரி: பட்டியல், புள்ளி, சார்ட். நிரலில் பிழை பார்க்கும் கருவியான ஈஎஸ்லிண்ட் சிவப்புக் கோடு போட்டு ‘கம்ப்யூட்டடில் பக்கவிளைவு கூடாது’ என்கிறது. நான் வரிசைப்படுத்தித் திருப்பித்தானே தருகிறேன், இதில் என்ன பக்கவிளைவு?

பழைய_சிலேட்டு · புதன், காலை 10:44

சார்ட் புதுப் பட்டியல் தராதும்மா, இருக்கிற பட்டியலையே கலைத்து அடுக்கிவிடும். ரிவர்ஸும் அப்படித்தான். அதே பட்டியலை இன்னொரு திரையில் வருகைப்பதிவு எண் வரிசையில் காட்டிக்கொண்டிருந்தால் அங்கேயும் வரிசை மாறியிருக்கும், போய்ப் பாருங்கள்.

முதலில் ஸ்லைஸ் போட்டு நகல் எடுத்து, நகலைச் சார்ட் செய்யுங்கள். உலாவிகள் புதியவை என்றால் டு-சார்ட்டட், டு-ரிவர்ஸ்டு என்று 2023 ஜாவாஸ்கிரிப்டில் வந்துவிட்டன, அவை மூலத்தைத் தொடாது. வியூ 3.4 வரிசையில் இதற்கு ஒரு ரன்டைம் வார்னிங்கும் வந்தது: ‘கெட்டர் ஓடி முடித்த பிறகும் கம்ப்யூட்டட் டர்ட்டியாகவே இருக்கிறது’ என்று. அதாவது, தான் எதை நம்பிக் கணக்குப் போடுகிறதோ அதையே கெட்டர் மாற்றுகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்தால் முதலில் சார்ட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் அதுதான்.

வெயில்காலம் · புதன், காலை 11:03

வருகைப்பதிவு வரிசை மாறியிருக்கிறது!! ஒரு மாதமாக ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் டேட்டாபேஸ் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். நன்றி ஐயா.

நூல்கண்டு · புதன், இரவு 8:55

அவசரம். மாடிப்படி சொன்ன வாட்ச் வழியில் மாற்றினேன். மதியம் வரை பிரமாதம். 10 அடித்தால் 10, 1,050 அடித்தால் 1,050, 5,900 அடித்தால் விலை 5,000. பில்டு எடுத்துக் கடையில் போட்டேன். சாயங்காலம் ஃபோன்: “தம்பி, திரை அப்படியே நின்றுபோச்சு.” பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை, தாவலை மூடித் திறக்க வேண்டியதாயிற்று. மறுபடி அதே பில்லைப் போட்டால் மறுபடி நிற்கிறது.

என் கணினியில் அதே பில்லைப் போட்டேன். இங்கே நிற்கவில்லை, ஆனால் கன்சோலில் சிவப்பாக: ‘மேக்ஸிமம் ரிகர்சிவ் அப்டேட்ஸ் எக்ஸீடட்’. தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் எஃபெக்ட் ஒன்று இருக்கிறது என்று நீளமாக ஏதோ சொல்கிறது.

விசித்திரம் என்னவென்றால், 2,800 அடித்தால் மட்டும்தான். 2,600-க்கு வரவில்லை, 3,000-க்கு வரவில்லை.

மாடிப்படி · புதன், இரவு 9:02

காற்புள்ளியோடு அடித்திருப்பார்களோ? 2,800 என்று காற்புள்ளி வந்தால் எண்ணாக மாறாது.

நூல்கண்டு · புதன், இரவு 9:06

இல்லை, காற்புள்ளி இல்லாமல்தான். இன்னும் சோதித்தேன்: 2,700-க்கும் வருகிறது, 2,900-க்கும் வருகிறது.

இரண்டாம்_ஆட்டம் · புதன், இரவு 9:15

தசமப் பிழையாக இருக்கும். வாட்ச் உள்ளே பழைய விலைக்கும் புது விலைக்கும் ஒரு பைசாவுக்குக் குறைவான வித்தியாசம் என்றால் மாற்றாதே என்று போட்டுப் பாருங்கள்.

நூல்கண்டு · புதன், இரவு 9:24

போட்டேன். அப்படியே வருகிறது. இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கில் வித்தியாசம் இருக்கிறது, பைசா இல்லை.

கணக்குப்பிள்ளை · புதன், இரவு 10:10

சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கோடை மறந்துவிடுங்கள், என்னோடு கணக்கைப் போடுங்கள்.

மொத்தம் 2,800. இப்போதைய விகிதம் 5 என்று வையுங்கள். 2,800-ஐ 1.05-ஆல் வகுத்தால் விலை 2,666.67. இது 2,500-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே விகிதம் 18 ஆகிறது. விகிதம் மாறியதால் உங்கள் வாட்ச் மறுபடி ஓடுகிறது. 2,800-ஐ 1.18-ஆல் வகுத்தால் 2,372.88. இது 2,500-க்குள் வந்துவிட்டது, ஆகவே விகிதம் 5. வாட்ச் மறுபடி ஓடுகிறது. 2,666.67. விகிதம் 18. 2,372.88. விகிதம் 5...

நிற்காது. நிற்பதற்கு இடமே இல்லை. 5 சதவீதத்தில் போகக்கூடிய அதிகபட்ச விலை 2,500, அதன் மொத்தம் 2,625. 18 சதவீதம் 2,500-ஐத் தாண்டியதும் தொடங்குகிறது, அப்போது மொத்தம் 2,950-ஐத் தாண்டிவிடும். 2,625-க்கு மேல், 2,950 வரை எந்த மொத்தத்துக்கும் விலை என்று ஒன்று கிடையாது. படிக்கட்டில் ஒரு படி உடைந்திருக்கிறது, நீங்கள் அதில் காலை வைக்கச் சொல்கிறீர்கள்.

மாடிப்படி · புதன், இரவு 10:14

என் பெயரை வைத்து உவமை சொல்லாதீர்கள் சார் :)

ஆனால் ஒப்புக்கொள்கிறேன், வாட்ச் என் யோசனைதான்.

பழைய_சிலேட்டு · புதன், இரவு 10:37

கணக்குப்பிள்ளை, கைகொடுங்கள். இதை நான் கோடில் தேடியிருந்தால் விடிந்திருக்கும்.

கடையில் உறைந்ததும் மேசையில் உறையாததும் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். டெவலப்மெண்ட் பில்டில் வியூ ஒவ்வொரு வேலையும் எத்தனை முறை திரும்ப ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். 100-ஐத் தாண்டினால் அறுத்துவிட்டுச் சத்தம் போடும். அந்த எண்ணிக்கை ப்ரொடக்‌ஷனில் கிடையாது, வேகத்துக்காக எடுத்துவிடுகிறார்கள். ஆகவே அங்கே சுற்றுகிறது, சுற்றுகிறது, தாவல் போய்விடுகிறது. உங்கள் மேசையில் சிவப்பு எழுத்தாக இருப்பது கடையில் உறைந்த திரை.

ஒன்று கவனியுங்கள். வாட்சை எடுத்துவிட்டு நேற்றைய செட்டருக்கே திரும்பினால் இந்தச் சுழல் வராது, ஏனென்றால் செட்டர் ஒரு தடவைதான் ஓடும். விலை 2,666.67 ஆகும், விகிதம் 18 ஆகும், மொத்தத்தின் கெட்டர் 3,146.67 என்று காட்டும். அடித்தது 2,800, தெரிவது 3,146.67. வார்னிங் இல்லை, சுழல் இல்லை, பதில் மட்டும் தப்பு. அந்த விதத்தில் வாட்ச் செய்தது நன்மை என்றே சொல்வேன். மாடிப்படிக்கு அந்தப் பெருமை சேரட்டும்.

நான் என்ன செய்வேன் என்றால், இந்தத் திரையில் உண்மையில் வைத்துக்கொள்ள வேண்டியது விலையும் இல்லை, மொத்தமும் இல்லை. கல்லாவில் இருப்பவர் என்ன அடித்தார், எந்தப் பெட்டியில் அடித்தார், இந்த இரண்டு மட்டும்தான். ‘உள்ளீடு’ என்று ஒரு ரெஃப் வையுங்கள், அதற்குள் தொகை, வகை என்று இரண்டு. வகை ஒன்று விலையாக இருக்கும், இல்லாவிட்டால் மொத்தமாக இருக்கும்.

விலை என்ற கம்ப்யூட்டடின் கெட்டர்: வகை விலை என்றால் தொகையை அப்படியே கொடு, மொத்தம் என்றால் பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கொடு. செட்டர்: வந்ததைத் தொகையில் வை, வகையை விலை என்று மாற்று. மொத்தம் என்ற கம்ப்யூட்டடுக்கு இதே கதை மறுபக்கமாக. விலையும் மொத்தமும் ஒன்றையொன்று எழுதாது, இரண்டும் உள்ளீட்டில் மட்டும் எழுதும். 10 அடித்தால் 10 நிற்கும். சுழலுக்கு வழியே இல்லை. வாட்ச் ஒன்றுகூட வேண்டாம்.

நூல்கண்டு · புதன், இரவு 10:58

புரிகிறது அண்ணா. ஆனால் பின்னோக்கிக் கணக்குப் போட விகிதம் வேண்டும், விகிதத்துக்கு விலை வேண்டும். கம்ப்யூட்டட் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நிற்காதா?

கணக்குப்பிள்ளை · புதன், இரவு 11:09

விகிதத்தைக் கேட்கவே கேட்காதீர்கள், இரண்டையும் முயன்று பாருங்கள். ஒரு தனி ஃபங்ஷன். மொத்தத்தை வாங்கிக்கொள்ளும். முதலில் 1.05-ஆல் வகுக்கும், 2,500-க்குள் வந்தால் அதுதான் விலை, விகிதம் 5. இல்லையென்றால் 1.18-ஆல் வகுக்கும், 2,500-ஐத் தாண்டினால் அதுதான் விலை, விகிதம் 18. இரண்டும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று திருப்பும். விலையும் விகிதமும் சேர்ந்தே வருவதால் ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த ‘இல்லை’ வரும்போது நீங்களாக எதையாவது நிரப்பிவிடாதீர்கள். பெட்டிக்குக் கீழே சிவப்பில் எழுதுங்கள்: ‘இந்தத் தொகைக்கு விலை இல்லை; 2,625 வரை, இல்லாவிட்டால் 2,950-க்கு மேல் அடிக்கவும்.’ குறைப்பதா கூட்டுவதா என்பது வியாபாரம், அதைக் கடைக்காரர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று: தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்பதால் பில்லில் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி என்று பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டரை இரண்டரை, ஒன்பது ஒன்பது. அந்தப் பாதிகளைத் தனித்தனியே முழுமையாக்கினால் கூட்டுத்தொகை அடித்த மொத்தத்தோடு ஒரு பைசா இடிக்கலாம். மொத்தத்தில் 10 அடித்தால் 10 நிற்கட்டும், இடிக்கிற பைசாவை ‘முழுமையாக்கல்’ என்று கீழே தனி வரியில் காட்டுங்கள். எல்லா பில்லிலும் இருப்பதுதான், யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாம்_ஆட்டம் · வியாழன், காலை 9:31

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் கோடில் காலி செட்டர் எத்தனை என்று தேடினேன். பதினேழு. அதில் நான்கு என் கையெழுத்து.

நூல்கண்டு · வியாழன், இரவு 9:48

முடிந்தது. வாட்சைத் தூக்கிவிட்டேன். கணக்குப்பிள்ளை சார் சொன்ன ஃபங்ஷனை வியூ இல்லாத தனிக் கோப்பில் வைத்து, 1 முதல் 6,000 வரை ஒவ்வொரு ரூபாயாக ஓட்டிப் பார்த்தேன். 2,626-இலிருந்து 2,950 வரை மட்டும் ‘இல்லை’. மற்ற எல்லாவற்றுக்கும் விலை வருகிறது. கன்சோல் காலி. அந்த நூறு வார்னிங்கில் தொண்ணூறு, ஒரே ஒரு ப்ராப் (காம்பொனென்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பு) விடுபட்டதால் வந்தவை, அதையும் சரிசெய்துவிட்டேன்.

சாயங்காலம் கடைக்குப் போய்க் காட்டினேன். 2,800 அடித்துப் பார்த்தார், சிவப்பு எழுத்தைப் படித்தார். “இது எங்களுக்குத் தெரியும் தம்பி, அந்த இடத்தில் நாங்கள் விலையே வைப்பதில்லை. நேற்று புதுப் பையன் பேரத்தில் விட்டுக்கொடுத்து அங்கே போய் நின்றுவிட்டான்” என்றார். முதல் நாளே அவரிடம் கேட்டிருக்கலாம்.

போகும்போது, “அப்படியே தள்ளுபடிக்கு ஒரு பெட்டி வைத்துவிடு” என்றார்.

கணக்குப்பிள்ளை · வியாழன், இரவு 10:02

தள்ளுபடிப் பெட்டியா? பார்த்துச் செய்யுங்கள். விலை 2,700 உள்ள சேலையோ சட்டையோ, எதுவாக இருந்தாலும் உங்கள் விதியில் 18 சதவீதம், மொத்தம் 3,186. அதற்குப் பில்லிலேயே 10 சதவீதம் தள்ளினால் விலை 2,430, விகிதமே 5-க்கு இறங்கிவிடும், மொத்தம் 2,551.50. தள்ளுபடியை மொத்தத்தில் கழித்தீர்களானால் முழுக்கத் தப்பு. அப்புறம் சேலை ஆயத்த ஆடைக் கணக்கில் வராது, துணிக் கணக்கு. அதற்கு இந்த 2,500 எல்லையே கிடையாது, 5 சதவீதம்தான். பொருளுக்குப் பொருள் விதி வேறு என்பதை இப்போதே இடம்விட்டு எழுதுங்கள்.

நூல்கண்டு · வியாழன், இரவு 10:07

சேலைக்கு வேறு விதியா! கடையில் பாதி சேலைதான் சார்.

நாளைக்குப் புது இழை திறக்கிறேன்.